பதில் வரும்வரை நாம் என்ன செய்கிறோம்?

(உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் மாணவர்கள், பெற்றோர், வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெளிநாட்டில் மேற்படிப்பு பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். எந்த நாட்டில் எந்தப் படிப்பு, எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிப்பது என்றெல்லாம் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் உங்களிடம் பேசிவிட்டார்கள். நான் ஒரு ஜவுளிக் கடைக்காரன். ஆகவே அவர்கள் பேசாத ஒன்றைப் பேசப்போகிறேன். விண்ணப்பம் அனுப்பிய நாளுக்கும் பதில் வரும் நாளுக்கும் இடையில் ஆறு மாதம், எட்டு மாதம் ஓடுகிறதே, அந்த மாதங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

உங்களில் பலர் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். கட்டுரை எழுதி, பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டி எழுதி, எல்லாவற்றையும் அனுப்பிவிட்டீர்கள். இப்போது பதில் இல்லை. காலையில் கண் விழித்ததும் கைபேசியில் மின்னஞ்சல் பார்க்கிறீர்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர், "என்ன தம்பி, இன்னும் சும்மாதான் இருக்கியா?" என்கிறார். வாப்பா வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்காமல் இருப்பதே உங்களுக்குப் பாரமாக இருக்கிறது. உம்மா மட்டும், "வந்துடும் வாப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

இந்தக் காத்திருப்பை அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அது தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரோ ஒருவருடைய தவறைச் சுட்டிக்காட்ட வரவில்லை. நான் செய்த தவறைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒன்றரை லட்சம் ரூபாய்

2022 ஏப்ரல். நோன்பு மாதம். ஜவுளிக் கடை வைத்திருப்பவர்களுக்கு நோன்பு மாதம் என்றால் என்னவென்று தெரியும். அஸர் முதல் நள்ளிரவு வரை கடையில் நிற்க இடம் இருக்காது. அப்போது எங்கள் தெருப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் தகப்பனார் வளைகுடாவில் இருபது வருடம் உழைத்து, உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர். பையன் பொறியியல் படித்தவன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தான். இடமும் கிடைத்தது, கல்விக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடியும் செய்தார்கள். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். மூன்றரை லட்சம் ரூபாய். வீட்டில் இரண்டு லட்சம் புரட்டிவிட்டார்கள்.

"மாமா, ஒன்றரை லட்சம் கைமாற்றா வேணும். பேங்க் லோன் பாஸ் ஆனதும் திருப்பிக் குடுத்துடுறேன்" என்றான்.

நான் சொன்னேன்: "சரக்கு எடுத்ததுல எல்லாம் முடங்கிக் கிடக்கு தம்பி. பெருநாள் கழிச்சு வா, பார்ப்போம்."

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. சரி மாமா என்று போய்விட்டான். பெருநாள் கழித்து வரவும் இல்லை. எத்தனாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொல்லவும் இல்லை. தேதி பெருநாளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

சகோதரர்களே! அதே வாரத்தில் ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு நான்கு லட்சம் ரூபாய்ச் சரக்கை 45 நாள் கடனில் அனுப்பியிருந்தேன். அவரை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை பார்த்தவரை நம்பினேன். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்த பிள்ளையிடம் பெருநாள் கழித்து வா என்றேன்.

அந்தப் பையன் இப்போது ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறான். கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுடுகிறது. அவனுக்கு உதவித்தொகை கிடைக்காமல் போகவில்லை. கிடைத்தது. பதில் வந்தது. பதில் வந்த பிறகு அவனுக்குத் தேவைப்பட்டது பன்னிரண்டு நாளில் ஒன்றரை லட்சம். அது இந்த ஊரில் இல்லாத பணமா?

மௌனம் மறுப்பு அல்ல

முதலில் காத்திருக்கும் இளைஞர்களே, உங்களிடம் பேசுகிறேன்.

பதில் வரவில்லை என்றதும் 'நமக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு உதவித்தொகைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு ஆகஸ்ட் வாக்கில் விண்ணப்பம் திறக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் மூடுகிறார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நேர்காணல். முடிவு தெரிய ஜூன் ஆகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புகள் பலவற்றுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பிக்க வேண்டும். ஆக, டிசம்பரில் ஒருவர் பதிலை எதிர்பார்த்துத் தூக்கம் கெடுவதில் பொருள் இல்லை. உங்கள் உதவித்தொகைக்கு உரிய தேதி எது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் மனதை அலைய விடாதீர்கள். தேதி கடந்தும் பதில் இல்லையென்றால் மரியாதையாக ஒரே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏப்ரல் 15 என்ற தேதியை மறக்கக் கூடாது. உதவித்தொகையுடன் இடம் கிடைத்த மாணவர் ஏப்ரல் 15க்கு முன்னால் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஒருவருக்கு நான்கு இடங்களில் கிடைத்திருக்கும். அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை விடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில்தான். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் கதவு திறப்பதும் அப்போதுதான். மார்ச் மாதத்து மௌனத்தைக் கண்டு மனம் உடைந்தவர்கள் ஏப்ரல் கடைசியில் பதில் பெற்றதுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காத்திருப்பவனின் பதற்றத்தை மோப்பம் பிடித்து வருகிற ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். "உங்களுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது, அதை விடுவிக்க இவ்வளவு ரூபாய் அனுப்புங்கள்" என்று செய்தி வரும். உதவித்தொகை என்பது உங்களுக்குப் பணம் தருவது. அதைத் தருவதற்கு உங்களிடமே பணம் கேட்டால் அது மோசடி. கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சும்மா இருப்பதா காத்திருப்பு?

சூரத்துக்கு ஆர்டர் அனுப்பிவிட்டுச் சரக்கு வரும்வரை கடையை மூடிவைக்கிற வியாபாரி உண்டா? இல்லை. வரப்போகிற சரக்குக்கு அலமாரியில் இடம் ஒதுக்குவான். பழைய பாக்கியை வசூலிப்பான். சரக்கு வராமல் போனால் ஈரோட்டில் யாரிடம் எடுப்பது என்றும் விசாரித்து வைத்திருப்பான். மாணவனின் காத்திருப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

முதல் வேலை, பெயர். ஆம், உங்கள் பெயர்தான்! நம் பிள்ளைகளின் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, கல்லூரிச் சான்றிதழில் முகம்மத் என்று ஆங்கில எழுத்துக்கள் மூன்று விதமாக இருக்கும். ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். இங்கே யாருக்கும் அது உறுத்தாது. வெளியே போகும்போது உறுத்தும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் மூன்று ஆங்கில எழுத்துக்களை அச்சடித்துவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ள கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்ததும் நம்மில் எத்தனை பேர் ஓடித் திரிந்தோம்! உதவித்தொகைக் கடிதம் வந்த பிறகு இதைத் திருத்த உட்கார்ந்தால் நேரம் போதாது. இப்போதே திருத்துங்கள்.

இரண்டாவது வேலை, சான்றிதழ்கள். மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் வாங்க வாரக்கணக்கில் ஆகும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் கைவசம் இருக்கட்டும். ஜெர்மனிக்குப் போகிறவர்கள் சான்றிதழ் சரிபார்ப்புக்காகத் தனியாக ஏ.பி.எஸ். சான்று வாங்க வேண்டும் என்று 2022 நவம்பரில் விதி வந்தது. அதற்கும் நாள் பிடிக்கும்.

மூன்றாவது வேலை, பணக் கணக்கு. உதவித்தொகை கிடைத்தால் எல்லாம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். முழு உதவித்தொகை வேறு, கட்டணத் தள்ளுபடி வேறு. தள்ளுபடி மட்டும் என்றால் தங்குவதற்கும் உண்பதற்கும் நீங்கள்தான் பணம் காட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒரு மாணவர் தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். பிரிட்டனுக்கோ, காட்ட வேண்டிய பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். யாரிடமாவது வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு மறுநாள் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று சில முகவர்கள் யோசனை சொல்வார்கள். அது பொய். பொய்யில் தொடங்கும் படிப்பு வேண்டாம். உண்மையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பதில் வருவதற்கு முன்பே வாப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குறைகிற தொகை இன்னதென்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும்.

நான்காவது, சமூக ஊடகங்களில் என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம். 2025 மே 27 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை உலகம் முழுவதும் நிறுத்தியது. ஜூன் 18 அன்று மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றது. அநீதியைக் கண்டு பேசாதே என்று நான் சொல்லவில்லை. ஆத்திரத்தில் எழுதும் வசைக்கும் நியாயத்துக்காக எழுதும் சொல்லுக்கும் வித்தியாசம் உண்டு. உங்கள் பெயருக்குக் கீழே எது நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மகளை அனுப்புவதா வேண்டாமா?

பெற்றோர்களே, இது உங்களுக்கு. உங்கள் மகள் விண்ணப்பிக்கும்போது, "கிடைக்கவா போகுது, போட்டுப் பார்க்கட்டுமே" என்று சும்மா இருந்துவிடுகிறீர்கள். அவள் ஆறு மாதம் காத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் பெண் கேட்டு வருகிறார்கள். பதில் வருகிற நாளில், "அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று முதல் முறையாக யோசிக்கிறீர்கள். அதைவிடப் பெரிய கொடுமை இல்லை! அனுப்ப முடியாதென்றால் முதலிலேயே சொல்லுங்கள், அவள் வேறு வழி பார்ப்பாள். அனுப்புவதென்றால் இப்போதே விசாரியுங்கள். அந்த ஊரில் நம்மவர்கள் இருக்கிறார்களா, பெண்களுக்கான விடுதி உண்டா, உணவுக்கு என்ன வழி, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காத்திருக்கும் மாதங்கள் பெற்றோருக்கும் வேலை வைத்திருக்கின்றன.

மூன்று ஆண்டு காத்திருந்தவர்

காத்திருப்பு என்றதும் எனக்கு டாக்டர் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து 1916இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குச் சென்றார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

அந்த இடைவெளியில் என்ன செய்தார்? பரோடாவில் வேலைக்குப் போனார். சாதியைக் காரணம் காட்டித் தங்க இடம் கொடுக்காமல் துரத்தினார்கள். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920இல் மீண்டும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். சேமிப்பு போதவில்லை. கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். பார்சி நண்பர் நாவல் பாதேனா கடன் கொடுத்தார். 1921இல் முதுநிலைப் பட்டமும் 1923இல் டாக்டர் பட்டமும் அதே லண்டன் கல்லூரியில் பெற்றார்.

அவர் மூன்று ஆண்டுகளை வீணாக்கவில்லை. இது இளைஞர்களுக்கான பாடம். தேவைப்பட்ட நேரத்தில் ஒரு நண்பர் கடன் கொடுத்தார். இது வணிகர்களுக்கான பாடம்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களுக்கும் அதுதான் நடந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துவிட்டது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அந்த வளையல்கள் இல்லாதிருந்தால்? ஒவ்வொரு ஊரிலும் ஒரு கலாம் இருந்திருக்கலாம். எல்லோருக்கும் வளையல் உள்ள சகோதரி வாய்க்கவில்லை.

அரசு செய்ய வேண்டியது

அரசின் பங்கு என்ன? 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேரில் ஒருவரும் முதுநிலை மாணவர்களில் 50 பேரில் ஒருவருமே முஸ்லிம் என்று சொன்னது. மேலே போகப் போக நாம் பாதியாகக் குறைகிறோம்!

இதைச் சரிசெய்யப் போடப்பட்ட திட்டங்களின் கதி என்ன? சிறுபான்மை மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க வாங்கும் வங்கிக் கடனுக்கான வட்டியை அரசே ஏற்கும் 'படோ பர்தேஷ்' திட்டத்தை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையும் அதே ஆண்டிலிருந்து நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வட்டியை நினைத்தே வங்கிப் படியேறத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுக்கு இருந்த ஒரு வழியும் அடைபட்டது.

தேர்வான பிறகும் காத்திருக்க வைக்கும் கொடுமையும் உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் உள்ளிட்டோருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 2025 ஜூலையில் 106 பேர் தேர்வு செய்யப்பட்டார்கள். முதற்கட்டமாக 40 பேருக்கு மட்டுமே கடிதம் கொடுத்துவிட்டு, மற்ற 66 பேரிடம் நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் ஒரு மாணவனிடம் ஜூலையில் சொல்லும் வார்த்தையா இது? அவர்களுடைய காத்திருப்பும் நம்முடைய காத்திருப்பும் ஒன்றுதான். அவர்களுக்காகவும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

தமிழக அரசு 2025இல், வெளிநாட்டில் முதுநிலை படிக்க முஸ்லிம் மாணவர்கள் 10 பேருக்குத் தலா 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டத்தை அறிவித்தது. மனதார வரவேற்கிறோம். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படியே இந்த மாநிலத்தில் 42 லட்சம் முஸ்லிம்கள். பத்துப் பேர் போதுமா? எண்ணிக்கையை உயர்த்தக் கோருவோம். முடிவு அறிவிக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லவும், வகுப்பு தொடங்குவதற்கு முன் பணம் கிடைக்கவும் கோருவோம். கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் படுத்துவிடாமல் விண்ணப்பமும் போடுவோம். தேசிய சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகம் வெளிநாட்டுப் படிப்புக்கு 30 லட்சம் ரூபாய் வரை குறைந்த வட்டியில் கடன் தரும் திட்டம் வைத்திருக்கிறது. நம் மாநிலத்தில் அதை டாம்கோ மூலம் கேட்க வேண்டும். வட்டி இருக்கிறது என்பதால் வேண்டாம் என்பவர்கள் இருக்கலாம். அது அவரவர் மனசாட்சி. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் சமுதாயம் அதற்கு மாற்றையும் காட்ட வேண்டும்!

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி

வணிகப் பெருமக்களே! மாற்று என்ன? நம் முன்னோர்கள் காட்டியிருக்கிறார்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி வந்தது. தோல் விற்றவர்களும் துணி விற்றவர்களும் தங்கள் லாபத்தை எடுத்துக் கொடுத்துக் கல்வி நிலையங்களை எழுப்பிய சமுதாயம் இது. அவர்கள் கல்லூரியே கட்டினார்கள். நம்மிடம் கேட்கப்படுவது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல், முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. அதில் ஒரு சிறப்பு உண்டு. அந்தப் பணம் சமுதாயத்துக்கு நன்கொடை, மாணவருக்கு வட்டியில்லாக் கடன். படித்து முடித்து வேலைக்குப் போனவர் திருப்பிச் செலுத்தும் பணம் வங்கிக்குப் போகாது. அதே சமுதாயத்தின் அடுத்த மாணவருக்குப் போகும். பார்சி சமுதாயத்து ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இலேயே வெளிநாட்டு உயர்கல்விக்காகக் கடன் உதவித்தொகை நிதியம் ஒன்றைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. நம் முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது அந்த உதவியில்தான். திரும்பி வரும் பணம் தீர்ந்துபோவதில்லை!

இதை ஓர் ஊர் அளவில் செய்ய முடியாதா? கணக்குப் பாருங்கள். நூறு கடைகள். கடைக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய்தான், இரண்டு மூன்று தேநீர் விலை. மாதம் ஒரு லட்சம், வருடத்துக்கு 12 லட்சம். ஒரு மாணவருக்கு ஒன்றரை லட்சம் கைமாற்று என்றால் முதல் வருடமே எட்டுப் பேர். அவர்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் மூன்றாவது, நான்காவது வருடத்தில் இன்னும் அதிகம் பேர்.

முழுப் படிப்புச் செலவையும் தரும் நிதியாக இதை நான் நினைக்கவில்லை. அது நம்மால் ஆகாமல் போகலாம். பதில் வந்த நாளுக்கும் உதவித்தொகைப் பணமோ வங்கிக் கடனோ கைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதன் மேல் போடும் பலகைதான் இது. இடத்தை உறுதி செய்யும் முன்பணம், விசாக் கட்டணம், விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

நிபந்தனைகளும் வியாபாரிக்குத் தெரிந்த நிபந்தனைகள்தான். மூன்று பேர் குழு. மாணவரின் சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்து ஏழு நாளில் உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தாமதமான 'உண்டு', 'இல்லை'க்குச் சமம். நான் சொன்ன 'பெருநாள் கழித்து வா' மாதிரி. எழுத்தில் ஒப்பந்தம், இரண்டு சாட்சி. வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்கலாம். வட்டி கிடையாது. யாருக்குக் கொடுத்தோம் என்று மேடையில் அறிவிக்கக் கூடாது, புகைப்படம் எடுக்கக் கூடாது. கேட்கிறவன் பிச்சை கேட்கவில்லை, கடன் கேட்கிறான். மானத்தோடு வாங்கி மானத்தோடு திருப்பித் தருவான்.

ஒன்றிரண்டு பேர் திருப்பித் தராமல் போகலாம். சரக்குக் கடனில் நமக்கு வராப்பாக்கி இல்லையா? அதற்காகக் கடை நடத்துவதை விட்டுவிட்டோமா?

மறுப்பு வந்தால்?

கடைசியாக ஒன்று. காத்திருந்து காத்திருந்து 'இல்லை' என்று பதில் வரலாம். பலருக்கு அப்படித்தான் வரும். இடங்கள் சில, விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில். மறுப்புக் கடிதம் உங்கள் தகுதிக்கு எழுதப்பட்ட தீர்ப்பு அல்ல. அன்று ஒரு நாள் வருத்தப்படுங்கள். மறுநாள், சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேளுங்கள். எங்கே குறைந்தது என்று பேராசிரியரிடம் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்குத் தேதி பாருங்கள்.

தெருவில் இருப்பவர்களே, அந்தப் பிள்ளையைப் பார்த்தால் "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "அடுத்து எங்கே போடப் போறே? என்ன வேணும்?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள தூரம் பெரிது.

நான் ஷார்ஜாவுக்குப் பேசினேன். "தம்பி, இப்போ மறுபடி போட்டா என்ன?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வயசாயிடுச்சு மாமா, தங்கச்சி கல்யாணம் இருக்கு" என்றான். இன்னும் சற்று நேரம் கழித்து, "தம்பிக்குத்தான் ஆசை. அவன் இப்போ கடைசி வருஷம் படிக்கிறான்" என்றான்.

அந்தத் தம்பி இந்த ஆண்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. இந்த முறை அவன் என் கடைக்கு வரவேண்டியதில்லை. அவன் வீட்டுக்கு நான் போய், கடைசித் தேதி எது என்று கேட்டு என் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஒருவன் காத்திருப்பான். ஒருத்தி காத்திருப்பாள். இன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்: "கடைசித் தேதி எது?"

வஸ்ஸலாம்.